குழந்தையை இழந்த பெற்றோர் தமிழில் பேசிக்கொள்ளும் குழு இருக்கிறதா?

என் அக்காவுக்குப் போன மாதம் 34-ஆவது வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இருக்கிறாள், முதல் பிரசவம். உடம்பு தேறிவிட்டது, பால் கட்டியதற்கும் டாக்டர் மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது, ஆனால் ராத்திரி தூக்கமே இல்லை, பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள், வருகிற சொந்தக்காரர்கள் வேறு "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போகிறார்கள். அத்தான் வாயே திறப்பதில்லை.

டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசினோம், கொஞ்சம் உதவியாக இருந்தது. மனநல மருத்துவரையும் பார்க்கிறோம். அப்புறம் வேலையிடத்தில் ஆறு வாரம்தான் லீவு என்றார்கள்; அது கருச்சிதைவுக்குத்தான், மகப்பேறு பயன் பற்றிய சட்டத்தில் குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் அடக்கம் என்று காட்டியதும் பிரசவ லீவுக்கே ஒத்துக்கொண்டார்கள் (யாருக்காவது பயன்படும் என்றுதான் சொல்கிறேன்). தேடிக் கிடைத்த ஆதரவுக் குழுக்கள் எல்லாம் ஆங்கிலம். அவளுக்கு அது சரிப்படவில்லை.

இதே மாதிரி இழந்த இன்னொருத்தியிடம் பேச வேண்டும் என்கிறாள். நெல்லை, மதுரைப் பக்கம் நேரிலோ, இல்லை போனிலோ, அப்படிப்பட்ட பெற்றோர் தமிழில் பேசிக்கொள்ளும் குழு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?