எம்பிசியோட 54 லேப்டாப்புல வராதாம்! நீலகிரி பீட்காரங்க வந்து சொல்லுங்க

லவ்டேல் லேப்டாப் | இரவு 8:40
நேத்து கல்யாணப் பாட்டு இழையில கேத்தி பெட்டி அண்ணன் எழுதினது இது: "தனிப் பெட்டியில விரலால தட்டினாதான் பீட். லேப்டாப்புல செய்யறது கட்டம் நிரப்பற வேலை. எம்பிசியோட 54 ஸ்விங் லேப்டாப்புல ஜென்மத்துக்கும் வராது." (எம்பிசின்னா அகாய் கம்பெனியோட பீட் பெட்டி, பேடை விரலால தட்டி வாசிக்கறது.)

படிச்சதுல இருந்து தூக்கமே வரல. ஏழு வருஷமா லேப்டாப்புலதான் பீட் போடறேன். பெட்டி பிடிக்கும்னா பிடிக்கட்டும், அது அவரவர் விருப்பம். ஆனா 54 வராதுன்னு சொன்னது பொய்.

ஸ்விங்னா என்ன? ஒரு பீட்டை நாலு துண்டா வெட்டினா ரெண்டாவது துண்டையும் நாலாவது துண்டையும் கொஞ்சம் தாமதமா அடிக்கறது. அவ்வளவுதான். அரை பீட்டுல எத்தனை சதவீதம் தாண்டி ரெண்டாவது துண்டு விழுதுங்கறதுதான் அந்த நம்பர். 50-ன்னா நேர். 66 பக்கம் போனா மூணா வெட்டின நடை. அகாய் எம்பிசி60 வந்தது 1988-ல. அதை வடிவமைச்ச ரோஜர் லின் பேட்டியிலேயே சொல்லியிருக்காரு, தான் செஞ்சது அந்தத் தாமதம் மட்டும்தான்னு. செஞ்சவரே சொன்னதுக்கு அப்புறமும் கேத்தியில உட்கார்ந்துகிட்டு இல்லைன்னா எப்படி?

கேத்தி பெட்டி | இரவு 8:52
பேர் போட்டுக் கூப்பிட்டதால வரேன். தம்பி, எம்பிசி2000எக்ஸ்எல்லை 54-ல வெச்சு ஒரு தடவையாவது தட்டியிருக்கியா? இல்லல்ல? அப்புறம் என்ன பேச்சு. பேட்டி படிச்சா பீட் வந்துருமா?

லவ்டேல் லேப்டாப் | இரவு 9:05
சரி, கணக்கே போடறேன். வேகம் 90. ஒரு பீட் 667 மில்லி செகண்ட். அரை பீட் 333. நேரா அடிச்சா ரெண்டாவது துண்டு 167-ல விழும். 54 வெச்சா 180-ல விழும். 13 மில்லி செகண்ட் தாமதம்.

இப்ப உங்க பெட்டிக்கு வாங்க. அது ஒரு பீட்டை 96 டிக்கா பிரிக்குது. அரை பீட் 48 டிக். அதுல 54 சதவீதம் 25.92. முக்கால் டிக், கால் டிக்னு பெட்டிக்குத் தெரியாது, 26-ல போடும். நேரா அடிச்சா 24. ஆக ரெண்டு டிக் தாமதம். 13.9 மில்லி செகண்ட். லேப்டாப்புல ஒரு பீட்டை 960-ஆப் பிரிச்சு வெச்சா 13.2 வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் 0.7 மில்லி செகண்ட். இதுக்காகவா லட்சக்கணக்கான பேர் செய்யற வேலையை "கட்டம் நிரப்பறது"ன்னீங்க?

கேத்தி பெட்டி | இரவு 9:09
ஆங்! நீயே சொல்லிட்ட பாத்தியா! 0.7 வித்தியாசம் இருக்குன்னு உன் வாயாலயே வந்துருச்சு. அந்த 0.7-லதான் உயிர் இருக்கு. இதைத்தான் நான் பத்து வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்.

கூடலூர் மழை | இரவு 9:15
ஸ்விங்கை விடுங்க அண்ணாச்சிகளா. ஆனி, ஆடியில எங்க ஊர்ல கரண்ட் இருக்கறதே அதிசயம். மரம் லைன்ல சாஞ்சா ரெண்டு நாள் ஆகும். போன ஆடியில லேப்டாப் செத்த மூணாவது மணி நேரத்துல ரோலண்ட் எஸ்பி404 மார்க் 2 பெட்டியை எடுத்தேன். ஆறு பென்சில் பேட்டரி போட்டா ஓடும். தகரக் கூரை மேல மழை கொட்டுது, ஹெட்போன் மாட்டிக்கிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்துல ரெண்டு பீட் முடிச்சேன். பேட்டரி தீர்ந்தா பவர் பேங்க் மாட்டிக்கலாம். என்னைப் பொறுத்த வரைக்கும் விவாதம் அங்கேயே முடிஞ்சுது.

லவ்டேல் லேப்டாப் | இரவு 9:21
லேப்டாப்புலயும் பேட்டரி இருக்கு நண்பா.

கூடலூர் மழை | இரவு 9:22
மூணு மணி நேரம்னு எழுதினேனே, படிக்கலையா?

மஞ்சூர் ரசிகன் | இரவு 9:30
1932-லயே பைக்காரா தண்ணியில கரண்ட் எடுத்த மலை இது. குந்தா கரண்ட் கீழ சமவெளிக்கெல்லாம் போகுது. பீட் போட நமக்கு மெழுகுவத்தி! இதைப் பத்தி இழை போடுங்கய்யா யாராவது.

கேத்தி பெட்டி | இரவு 9:31
கரண்ட் பேச்சு வேற இழைக்குப் போகட்டும். 0.7-க்குப் பதில் வரல இன்னும்.

லவ்டேல் லேப்டாப் | இரவு 9:44
பதில் இதோ. 0.7 மில்லி செகண்ட்ல சத்தம் போற தூரம் ஒரு சாண். கையை விரிச்சுப் பாருங்க, அவ்வளவுதான். ஸ்பீக்கர் முன்னாடி உட்கார்ந்து தலையை ஒரு சாண் பின்னாடி சாய்ச்சீங்கன்னா நீங்க சொல்ற "உயிர்" போயிருச்சு.

இன்னொண்ணு. லேப்டாப்புல பீட் போடற சாஃப்ட்வேர் எஃப்எல் ஸ்டூடியோவுல பீட்டைப் பிரிக்கறதே முதல்ல இருந்து 96-லதான் இருக்கு. அப்படியே விட்டு 26-வது டிக்ல நோட்டை வெச்சா உங்க பெட்டி வைக்கற அதே இடம். ஏபிள்டன் லைவ்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல எம்பிசி ஸ்விங்னு பேர் போட்டே வரிசையா கொடுத்திருக்கான், 54-ம் அதுல இருக்கு. எடுத்து மேல இழுத்துப் போட்டா முடிஞ்சுது.

கேத்தி பெட்டி | இரவு 9:50
தலையைச் சாய்ச்சா கிக், ஸ்நேர், ஹைஹேட்னு டிரம் சத்தம் எல்லாம் சேர்ந்துதானே ஒரு சாண் தள்ளிப் போகும்? ஒண்ணுக்கொண்ணு இருக்கற இடைவெளி அப்படியேதான இருக்கும்? ஸ்விங்ங்கறதே அந்த இடைவெளிதான். இது கூடப் புரியாம கணக்கு வாத்தியார் வேலை பார்க்கற.

லவ்டேல் லேப்டாப் | இரவு 9:53
96-ஐப் பத்தியும் எழுதியிருந்தேன். அதை ஏன் தொடல?

கேத்தி பெட்டி | இரவு 9:55
96 போட்டா மட்டும் எம்பிசி ஆயிருமா? அதுல வர்ற 54 வேற.

கொடைக்கானல் குறிஞ்சி | இரவு 10:10
பழனி மலைப் பக்கமிருந்து ஒரு குரல். நீங்கள் இருவருமே ஒரு சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். ஸ்விங் என்பது அளவிடக்கூடிய தாமதம். கேத்தி ஐயா சொல்வது விரல் பேடில் விழும் அழுத்தம், அதில் வரும் ஏற்ற இறக்கம், வேலை செய்யும் முறை. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமே?

என் அனுபவத்தில் பெட்டியின் பெருமை அதன் குறைகளில்தான் இருக்கிறது. 1987-ல் வந்த எஸ்பி1200 என்ற பெட்டியில் மொத்தமே பத்து விநாடிதான் பதிய முடியும். இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, உள்ளே போனபின் சுருதியை இறக்கினார்கள். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த வேலை அது. 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் என்ற துல்லியம் குறைந்த கருவியில் அப்படி இறக்கியபோது வந்த கரகரப்பைத்தான் இன்று மென்பொருளில் காசு கொடுத்து வாங்குகிறோம். முடிவில்லாத இடம் கொடுத்தால் மனம் முடிவெடுக்காது. இருநூறு கிக் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே ஓர் இரவைக் கழித்தவன் நான்.

கேத்தி பெட்டி | இரவு 10:12
ஐயா 54 பத்தி உங்க கருத்து?

கொடைக்கானல் குறிஞ்சி | இரவு 10:20
மேலே எழுதியதைப் படித்தீர்களா?

கேத்தி பெட்டி | இரவு 10:21
படிச்சேன். 54 வருமா வராதா, ஒரு வார்த்தையில சொல்லுங்க.

கோத்தகிரி தப்பட்டை | இரவு 10:48
ரெண்டு பேரும் ஜப்பான் பெட்டி, பெல்ஜியம் சாஃப்ட்வேர்னு அடிச்சுக்கறீங்க. நம்ம மலையில ஏற்கெனவே இருக்கற அடி எந்தக் கட்டத்துலயும் உட்காராது, தெரியுமா? கோத்தர் பழங்குடி ஊர்ல தப்பட்டையும் கொள்ங்கற ஊதுகுழலும் வாசிக்கும்போது பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்களா? கொள் ஊதறவர் அடியோட அடியா விழமாட்டார். ஒரு இடத்துல சேருவார், அப்புறம் தன் போக்குல போயிட்டுத் திரும்ப வந்து சேருவார். அதுக்கு 54-ன்னு வைப்பீங்களா, 58-ன்னு வைப்பீங்களா?

போன மார்கழியில அனுமதி கேட்டு ஒரு பெரியவரோட தப்பட்டையைப் பதிவு பண்ணினேன். விறகு மூட்டி, தோலை நெருப்புல காட்டி, விரலால சுண்டிச் சுண்டிப் பார்த்தாரு. டங்குன்னு வந்ததும்தான் எழுந்தாரு. பனியில இருபது நிமிஷம் ஆச்சு, தோல் தொய்ஞ்சு சத்தம் இறங்கிப் போச்சு. திரும்ப நெருப்பு. வீட்டுக்கு வந்து முதல் அடியையும் கடைசி அடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டேன், ரெண்டு வேற வேற தப்பட்டை மாதிரி. எஸ்பி404 மார்க் 2-ல பதினாறு பேட்லயும் பதினாறு அடியைப் போட்டேன், நெருப்புல இருந்து எடுத்த வரிசைப்படி. ஒரே அடியை ஒட்டி ஒட்டி வெச்சிருந்தா அது செத்திருக்கும். எந்தக் கருவின்னு கேட்காதீங்க, எதைப் பதிவு பண்றீங்கன்னு கேளுங்க.

கேத்தி பெட்டி | இரவு 10:55
பாத்தீங்களா, அவரும் பெட்டியிலதான் செஞ்சிருக்காரு!

லவ்டேல் லேப்டாப் | இரவு 10:57
அவர் எழுதினதுல பெட்டிக்கு என்ன சம்பந்தம்? பதினாறு அடியை லேப்டாப்புல வைக்க முடியாதா?

கோத்தகிரி தப்பட்டை | இரவு 11:06
லவ்டேல் தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். தை மாசம் ஒரு படுகர் கல்யாணத்துல ஆட்டத்துக்கு நீங்க போட்ட பீட்ல ஒரு கொள் மெட்டு வந்துச்சு. அது சாவு மெட்டு. கோத்தர்ல சாமி மெட்டு வேற, சாவு மெட்டு வேற, ஆட்ட மெட்டு வேற. சாமி மெட்டையும் சாவு மெட்டையும் இடம் மாத்தி ஊதவே மாட்டாங்க. நீங்க அதைத் தூக்கிக் கல்யாண வீட்டுல போட்டு ஆட விட்டீங்க. எங்கிருந்து எடுத்தீங்க?

லவ்டேல் லேப்டாப் | இரவு 11:14
வாட்ஸ்ஆப்ல வந்த வீடியோவுல இருந்து. மெட்டு நல்லா இருந்துச்சு. சாவு மெட்டுன்னு சத்தியமா தெரியாது. அந்த வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையே.

கோத்தகிரி தப்பட்டை | இரவு 11:18
யாரும் சொல்லலைன்னா சரியாயிருமா? அங்க இருந்த வயசானவங்க ரெண்டு பேர் முகத்தைப் பார்த்தேன் நான். வாசிச்சவர் யாருன்னு கூட விசாரிக்காம வெட்டி எடுத்துட்டு, இங்க வந்து 13 மில்லி செகண்டுக்குக் கணக்குப் போடறீங்க.

லவ்டேல் லேப்டாப் | இரவு 11:25
இந்த இழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தனியா பேசலாம்.

மஞ்சூர் ரசிகன் | இரவு 11:27
அதான, இப்ப மட்டும் தனியா பேசலாம். கேத்தி அண்ணன் பேரைப் போட்டு இழை திறந்தப்ப தனியா பேசத் தோணலையா?

கேத்தி பெட்டி | இரவு 11:30
வீடியோவுல இருந்து வெட்டறது, கிராக் பண்ணின சாஃப்ட்வேர், இதுதான் லேப்டாப் கலாச்சாரம்.

லவ்டேல் லேப்டாப் | இரவு 11:33
கிராக்னு என்னைச் சொல்லாதீங்க. எஃப்எல் ஸ்டூடியோவைக் காசு கொடுத்து வாங்கினேன், பில் இருக்கு. ஒரு தடவை வாங்கினா வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். உங்க பெட்டிக்கு எந்தக் கடையில பிளாப்பி வாங்கறீங்க இப்ப?

கேத்தி பெட்டி | இரவு 11:36
பிளாப்பியைப் பத்தி நீ பேசாத. மூணு வருஷம் முன்னாடி என்கிட்ட வாங்கிட்டுப் போன ஸ்டெப் டவுன், அதான் வோல்ட்டேஜ் இறக்கற டிரான்ஸ்பார்மர், எங்க? என் எம்பிசி ஜப்பான்ல இருந்து வந்த 100 வோல்ட் பெட்டி. ஸ்டெப் டவுனை உன்கிட்ட கொடுத்துட்டு, அவசரத்துக்கு ஒரு கடையில மலிவா வாங்கினதை மாட்டினேன். ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே புகை வந்துச்சு. பவர் போர்டு போச்சு. அன்னிக்கு முழு ஊர் முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். கோயம்புத்தூருக்கு நாலு தடவை பஸ்ல தூக்கிட்டுப் போய்ச் சரி பண்ணினேன்.

லவ்டேல் லேப்டாப் | இரவு 11:41
அதை நான் திருப்பிக் கொடுத்துட்டேன். உங்க வீட்டுல அண்ணிகிட்ட கொடுத்தேன்.

கேத்தி பெட்டி | இரவு 11:42
பொய்.

லவ்டேல் லேப்டாப் | இரவு 11:58
சரி, ஒரே சோதனை. தீபாவளிக்கு நீங்க போட்ட பீட் கிளிப் இந்த இழைக் குழுவுல இருக்கு. அதே சத்தங்களை எடுத்து லேப்டாப்புல 96-ல வெச்சு, 54-ல திரும்பக் கட்டினேன். ரெண்டையும் அ, ஆ-ன்னு பேர் மாத்தி மேல ஏத்தியிருக்கேன். எது உங்க பெட்டின்னு நீங்களே சொல்லுங்க.

கேத்தி பெட்டி | நள்ளிரவு 12:09
ஆ. இதுல என்ன சந்தேகம். முதல் அடியிலேயே தெரியுது. "அ"வுல ஹைஹேட் பொம்மை மாதிரி ஆடுது.

லவ்டேல் லேப்டாப் | நள்ளிரவு 12:11
அ-தான் உங்க பெட்டி. தீபாவளிக் கிளிப் அப்படியே. பொம்மைன்னது உங்க பீட்டையே.

மஞ்சூர் ரசிகன் | நள்ளிரவு 12:12
அண்ணா???

கேத்தி பெட்டி | நள்ளிரவு 12:20
போன் ஸ்பீக்கர்ல கேட்டேன். வாட்ஸ்ஆப்ல போய் வந்த கிளிப், அமுக்கிக் கெடுத்திருக்கும். பெட்டியில இருந்து நேரா வர்ற வயர்ல கேட்டாதான் 54 தெரியும்.

லவ்டேல் லேப்டாப் | நள்ளிரவு 12:22
ரெண்டு கிளிப்பும் அதே போன்லதான கேட்டீங்க?

கேத்தி பெட்டி | நள்ளிரவு 12:24
அமுக்கும்போது பெட்டியோட சத்தம்தான் அதிகமா கெடும். அதுலதான் விஷயம் இருக்கு, கெடறதுக்கு.

கொடைக்கானல் குறிஞ்சி | நள்ளிரவு 12:31
அமெரிக்க ஹிப்ஹாப் பீட் கலைஞர் ஜே டில்லாவின் எம்பிசி3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சில நேரம் கட்டத்தில் ஒட்டும் வசதியை அணைத்துவிட்டு விரல் விழுந்த இடத்திலேயே விட்டவர். அப்போது 54-ம் இல்லை, 58-ம் இல்லை. இதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

கேத்தி பெட்டி | நள்ளிரவு 12:33
எம்பிசியிலதான அணைச்சாரு? லேப்டாப்புலயா அணைச்சாரு?

கூடலூர் மழை | காலை 6:50
இப்பதான் கரண்ட் வந்துச்சு. நேத்து யாரு ஜெயிச்சது?

கோத்தகிரி தப்பட்டை | காலை 7:15
லவ்டேல் தம்பி, அந்த மெட்டைப் பத்தி இன்னும் பதில் வரல. ஞாயித்துக்கிழமை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, அந்தப் பெரியவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவர் முன்னாடி அந்த பீட்டைப் போட்டுக் காட்டுங்க.

லவ்டேல் லேப்டாப் | காலை 7:40
ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி இருக்கு. பார்க்கறேன்.

கேத்தி பெட்டி | காலை 7:42
எல்லாரும் வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து நல்ல ஸ்பீக்கர்ல ரெண்டையும் திரும்பக் கேட்டேன். வித்தியாசம் தெளிவா இருக்கு. 54 லேப்டாப்புல வராது. ஸ்டெப் டவுனைப் பத்தி வீட்டுல கேட்டேன், யாரும் எதையும் வாங்கலையாம்.