1945 பெர்லின் போட்டோவுல நாதனா நிக்கிறது யாரு?

மேடைப்பித்தன்: நேத்து இங்க ஒருத்தர் கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு போட்டு "நாஜிகள் ஒழிஞ்சதும் யூத நடிகர் மறுபடி ஜெர்மன் மேடை ஏறுன தருணம்"னு எழுதியிருக்காரு, கீழ ஐம்பது பேர் கண்ணீர் விடுறாங்க. அது 1945 செப்டம்பர் 7, பெர்லின் டாய்ச்சஸ் தியேட்டர், ஜெர்மன் நாடக ஆசிரியர் லெஸ்ஸிங்கோட ஞானி நாதன் நாடகம். அது வரைக்கும் சரி. ஆனா அதுல தாடியோட நிக்கிறது பவுல் வேகனர். அவர் யூதரே இல்ல. 1937ல நாஜி ஆட்சியில அரசு நடிகர் பட்டம் வாங்குனவர், கோல்பெர்க் பிரச்சார படத்துலயும் நடிச்சிருக்காரு.

தஞ்சைகுமரன்: போட்டது நான்தான். நாஜி காலத்துல ஜெர்மன் மேடைங்கள்ல தடை பண்ண நாடகம், கதாநாயகனே ஒரு யூத வியாபாரி, இயக்குனது ஃபிரிட்ஸ் விஸ்டன்னு ஒரு யூதர். இது திரும்பி வந்தது இல்லன்னா வேற எது?

மேடைப்பித்தன்: மேடையில நின்னது யாரு?

வெளிச்சம்: போட்டோ எடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலயே. ஆப்ரஹாம் பிசாரெக். யூதர். 1933ல யூத கலைஞர்கள எல்லா மேடையிலேருந்தும் துரத்துனப்புறம் குல்டுர்பண்ட்னு யூதர்களுக்கு மட்டும் ஒரு அமைப்பு நடந்துச்சு, அதோட நாடகங்கள படம் எடுத்தவர். அவங்க மொத நாடகமும் இதே நாதன்தான், 1933 அக்டோபர் 1. 1941ல நாஜி ரகசிய போலீஸ் கெஸ்டபோ இழுத்து மூடுற வரைக்கும் விஸ்டனும் அங்கதான் இருந்தாரு. ரெண்டு பேரோட மனைவியும் யூதர் இல்லங்கிறதாலதான் பெர்லின்லயே உயிர் தப்புனாங்க. அப்படி தப்புன ஒருத்தர் கேமராவ தூக்கிட்டு அதே நாடகத்த எடுக்க வந்து நிக்கிறாரு, நீங்க தாடிய பத்தி பேசிட்டு இருக்கீங்க. குமரன் சார், நீங்களும் அவர் பேர வெட்டிட்டுதான் படத்த போட்டிருக்கீங்க.

தஞ்சைகுமரன்: எனக்கு கிடைச்சதே அப்படித்தான். போன மாசம் நான் போட்ட இழைய பூட்ட வெச்சதும் நீங்கதானே, மறந்துட்டேன்னு நினைக்காதீங்க.

மேடைப்பித்தன்: பேச்ச மாத்தாதீங்க. கேமராக்காரர் யூதர், டைரக்டர் யூதர், ஒத்துக்கிறேன், நான் கேட்டது அது இல்ல. தலைப்புல "யூத நடிகர்"னு இருக்கு. வேகனர் 1948 ஜூலையில இதே நாதன் வேஷத்துல மேடையிலயே சரிஞ்சாரு, செப்டம்பர்ல செத்தாரு, பெரிய நடிகர், அதுல சந்தேகமே இல்ல. யூத நடிகர் வேணும்னா எர்ன்ஸ்ட் டாய்ச் படத்த போடுங்க. பிராகில பிறந்தவர், நாஜிகளால நாட்ட விட்டு ஓடி, ஹாலிவுட்ல நாஜி அதிகாரி வேஷம் கட்டி பொழச்சு, 1947ல வியன்னா வந்து, அப்புறம் ஜெர்மனி பூரா நாதனா நடிச்சவர். 1963ல பெர்லின்ல பிஸ்காடர் இயக்கத்துல ஷேக்ஸ்பியரோட யூத வட்டிக்காரன் ஷைலாக்கும் அவர்தான். 1920ல வந்த கோலெம் படத்துல களிமண் பொம்மை வேகனர், ரப்பியோட, அதாவது யூத மதகுருவோட, உதவியாளர் இந்த டாய்ச். ரெண்டு மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க எல்லாம் மேடை வரலாறு எழுத வந்துட்டாங்க.

வெளிச்சம்: ஓடிப்போயி திரும்பி வந்தவர் மட்டும்தான் உங்க கணக்குல யூதரா? ஹாம்பர்க்ல இடா எரேன்னு ஒரு யூத நடிகை 1945லயே தியேட்டர் தொறந்தாங்க, அந்தம்மா போர்க்காலம் பூரா ஜெர்மனியிலயேதானே இருந்தாங்க.

தஞ்சைகுமரன்: அதானே.

மேடைப்பித்தன்: இடா எரேவுக்கு தனி இழை போடுங்க, நானே வந்து எழுதுறேன். இந்த போட்டோவுல நாதனா நிக்கிறது யாரு? தலைப்ப எப்ப மாத்துவீங்க?

தஞ்சைகுமரன்: மாத்த மாட்டேன்.