"படிச்சேன் சார், வரல": உங்க கிளாஸ்ல நடந்ததைச் சொல்லுங்க

விழுப்புரம் வாத்தியார்:
சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ், பத்தாவது அறிவியல். ஓம் விதியைப் பத்து தடவை எழுதிட்டு வந்திருந்தான் ஒருத்தன். இம்போசிஷன் நான் குடுத்ததுதான். கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. நோட்டை மூடிட்டு "சொல்லுடா"ன்னேன். கண்ணை மூடினான், விரலால காத்துல ஒரு கட்டம் போட்டான். "இடது பக்கம், கீழ, கட்டத்துக்குள்ள இருக்கு சார்."
கட்டத்துக்குள்ள என்னடா?
"அதுதான் சார் வரல."
எழுதினது கை மட்டும்தான், தலை கிரவுண்டுல இருந்திருக்கு. அன்னைக்கே இம்போசிஷனை விட்டுட்டேன். இப்போ கிளாஸ் ஆரம்பிச்சதும் அஞ்சு நிமிஷம், புக்கை மூடிட்டு நேத்து நடத்தினதை வெத்துத்தாள்ல எழுதணும். மார்க் கிடையாது. அப்புறம் புக்கைத் திறந்து, விட்டதை அவங்களே சிவப்புப் பேனாவுல சேர்க்கணும். முதல் வாரம் பாதித் தாள் காலி. ரெண்டாவது வாரம் அவன் தாள்ல "மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவு"ன்னு நீலத்துல இருந்துச்சு. கீழ சிவப்புல "வெப்பநிலை மாறக்கூடாது".

கணக்கு டீச்சர்:
காலித்தாள் குடுக்குற பிள்ளைக்கு அதுவே அவமானம் இல்லையா சார்?
எங்க ஸ்கூல்ல 'மெல்லக் கற்போர்'னு 12 பேரைத் தனியா உக்கார வச்சோம். ஜியோமெட்ரி, கிராஃப் ரெண்டும் போட்டா 16, கூட ஒரு மார்க், ரெண்டு மார்க்ல கொஞ்சம், 35 வந்துரும்னு மெலிசா ஒரு புக்லெட். வட்டத்துக்குத் தொடுகோடு வரைஞ்சுட்டு இருந்த பையன் காம்பஸைக் கீழ வச்சான். "அப்போ மத்த கணக்கெல்லாம் எங்களுக்கு இல்லையா மிஸ்?"
"முதல்ல பாஸ் பண்ணு"ன்னேன். தலையாட்டிட்டு வரைஞ்சான். பாஸும் பண்ணிட்டான், 38. நான்தான் இன்னும் அந்தக் கேள்வியிலயே நிக்கிறேன்.

ரிட்டையர்டு ஹெச்.எம்:
டீச்சர் சொல்றதை ஒத்துக்க மாட்டேன். 35க்கு வழி காட்டுறதும் நம்ம வேலைதான். ஃபெயிலான பிள்ளை வீட்டுல உக்காந்தா யார் பொறுப்பு?
என் பேரன் புக்கு முழுக்க ஹைலைட்டர் அடிச்சிருக்கான், அடிக்காத வரியைத்தான் தேடணும். கேட்டா "நாலு ரிவிஷன் முடிஞ்சுது தாத்தா".
வாத்தியார் பண்றது சரி. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வச்சுப் பார்த்தாங்க. ஒரு கூட்டம் பாடத்தை நாலு தடவை படிச்சுது. இன்னொண்ணு ஒரு தடவை படிச்சுட்டு மூணு தடவை பாக்காம எழுதுச்சு. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்போ படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு அவங்களுக்கு நின்னது 40 சதவீதம், எழுதினவங்களுக்கு 61. பசங்க ஏன் நம்ப மாட்டேங்கிறாங்கன்னு இப்போ புரியுதா? படிச்ச உடனே எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்.
ஆனா நேத்தைய பாடம் மட்டும் போதாது. போன வாரத்துல ஒண்ணு, போன மாசத்துல ஒண்ணு கலந்து கேளுங்க. கணக்குலயும் ஒரே பயிற்சியில பத்து போடாம, மூணு பாடத்துல இருந்து கலந்து குடுங்க. எந்தக் கணக்குக்கு எந்த வழின்னு கண்டுபிடிக்கத்தான் பரீட்சையில தடுமாறுறாங்க. வீட்டுல செல்போனை வாங்கி வைங்க. ராத்திரி பத்தரைக்கு மேல படிக்க விடாதீங்க.

கணக்கு டீச்சர்:
ஐயா, நான் வழி கேக்கலை. அந்தப் பையனுக்கு நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?

விழுப்புரம் வாத்தியார்:
டீச்சர், காலித்தாள் விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. இன்னைக்கு நானும் பசங்களோட உக்காந்து எழுதினேன், அவங்களுக்கு நேத்து நடந்த கணக்குப் பாடத்தை. நாலு வரி வந்துச்சு. சிவப்புப் பேனாவை அந்த ஓம் விதிப் பையன்தான் குடுத்தான்.