பவர் ஸ்டீரிங் ஆயில்: 1983 மெர்சிடிஸ் 230 இ-க்கு எது சரி?

சாட்ஸ்வர்த்230
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1983 மெர்சிடிஸ் 230 இ, டபிள்யூ 123 மாடல், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் கோத்தது. ஸ்டீரிங் டேங்கில் இருக்கிற ஆயில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. கோடிவரை ஒடித்தால் பம்ப் ஊளையிடுகிறது, காலையில் சத்தம் இன்னும் கூடுதல். ஸ்டீரிங் பாக்ஸுக்குக் கீழே ராத்திரியில் ரெண்டு மூணு சொட்டு விழுகிறது. டர்பன் ஸ்பேர்ஸ் கடையில் நாலு டப்பாவை எடுத்து வைத்தார்கள்: டெக்ஸ்ரான் 3 வகை, டெக்ஸ்ரான் 6 (ரெண்டும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), பச்சை நிற ஹைட்ராலிக் ஆயிலான சி.எச்.எஃப் 11எஸ், அப்புறம் லீக் அடைக்கும் மருந்து கலந்த ‘எல்லா வண்டிக்கும் பொது’ ஆயில் ஒன்று. எதை வாங்கலாம்? பழையதை முழுக்க எடுக்கணுமா, குறைந்ததை மட்டும் ஊற்றினால் போதுமா?

மெரிபேங்க் கியர்பாக்ஸ்
தம்பி, நாலில் டெக்ஸ்ரான் 3 வகையை எடுங்கள். அது இல்லாவிட்டால் மெர்சிடிஸின் 236.3 எண் உள்ள ஸ்டீரிங் ஆயில், தேன் நிறத்தில் இருக்கும். இந்த ரெண்டும் கனிம எண்ணெய். இந்த வண்டியில் ஒன்றோடொன்று கலந்தாலும் கெடுதல் இல்லை.

டெக்ஸ்ரான் பெயருக்குச் சொந்தக்காரரான ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனி டெக்ஸ்ரான் 3-க்கு லைசென்ஸ் கொடுப்பதை 2006-ஓடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று கடையில் இருப்பதெல்லாம் ‘டெக்ஸ்ரான் 3 தேவைக்குப் பொருந்தும்’ என்று கம்பெனிக்காரர்களே போட்டுக்கொள்வதுதான். முன்பக்கப் பெரிய எழுத்தை நம்பாமல் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சி.வி.டி. (வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) என்று போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

டெக்ஸ்ரான் 6 ஏன் வேண்டாம் என்றால், அது மெல்லிசு. 100 டிகிரி சூட்டில் டெக்ஸ்ரான் 3-இன் பாகுநிலை (கெட்டித்தன்மை அளவு) 7-க்கு மேல், இது 6-ஐ ஒட்டி. புது பம்புக்கு அது பொருட்டே இல்லை. நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்த பம்பில் மெல்லிய ஆயில் தகடுகளின் ஓரமாக நழுவிப் பின்வாங்கும். வண்டி சூடேறி, ஐடிலில் பார்க் பண்ணும்போது ஸ்டீரிங் கனக்கும். கசிகிற சீல் இன்னும் கசியும். சி.எச்.எஃப் அதைவிட மெல்லிசு. 40 டிகிரியில் டெக்ஸ்ரான் 3 முப்பது சொச்சம் என்றால் அது இருபதுக்கும் கீழே. உறைபனிக் குளிரிலும் இளகி ஓடும்படி செய்தது, டர்பன் ஜூலையில் அதற்கு வேலையே இல்லை.

மருந்து கலந்த டப்பாவைத் தொடாதீர்கள். ரப்பரை ஊதவைக்கும் ரசாயனம்தான் அதில் இருக்கிறது. கொஞ்ச நாள் லீக் நிற்கும், அப்புறம் சீல் மாவாகிவிடும். நல்லா இருக்கும் சீலும் சேர்ந்து போகும்.

லெனேசியா வி8
அண்ணன் சொன்ன ஆயிலே சரி. ஆனால் அந்த ஊளை ஆயிலால் மட்டும் வருவதில்லை. டபிள்யூ 123-இல் டேங்க் பம்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் அடியில் சின்ன பேப்பர் ஃபில்டர் ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அது அடைத்தால் பம்புக்கு ஆயில் எட்டாது, குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது சத்தம் கூடும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். டேங்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். ஓரத்தில் சிவப்பு வளையம் பரவினால் உள்ளே இருப்பது ஏ.டி.எஃப், அதாவது டெக்ஸ்ரான் மாதிரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். நடுவில் கறுப்புப் பொடி தங்கினால் பழைய ஹோஸின் உள் ரப்பர் கரைகிறது. வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது மினுக்கினால் பம்ப் இரும்பைத் தின்கிறது, அப்போது ஆயில் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

கீச்சென்று கத்தினால் அது பெல்ட். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது.

சாட்ஸ்வர்த்230
டிஷ்யூவில் சிவப்பு வளையம் வந்தது, நடுவில் கொஞ்சம் கறுப்பு, மினுக்கல் இல்லை. மாற்றும் முறையைச் சொல்லுங்கள் அண்ணே.

மெரிபேங்க் கியர்பாக்ஸ்
சிஸ்டம் பிடிப்பது சுமார் ஒன்றரை லிட்டர். அலசவும் வேண்டுமே, மூணு லிட்டர் வாங்குங்கள். ஃபில்டர் ஒன்று, மூடி கேஸ்கெட் ஒன்று. ஆயிலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸும் மாற்றிவிடுங்கள், கறுப்புப் பொடி அங்கிருந்துதான் வரும். கடையில் ‘எண்ணெய் ஹோஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் உள்ளே ஊறிப் பிய்ந்துவிடும்.

முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி விடவேண்டாம். டேங்க் மூடியைச் சுற்றிலும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு மணல் துகள் விழுந்தால் பம்ப் போச்சு. பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். ஸ்பிரிங், அடியில் ஃபில்டர், எந்த வரிசையில் வெளியே வந்ததோ அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் மூடினால் ஃபில்டர் மிதக்கும், அழுக்கு நேரே பம்புக்குள் போகும்.

ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விடுங்கள், டேங்கின் அந்த வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். என்ஜின் ஓடக்கூடாது. ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஸ்டீரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பட்டும். பாட்டிலில் நல்ல சிவப்பு வரும்வரை. டேங்க் அடி தெரிய விடவே கூடாது, காற்று உள்ளே போனால் பாதி வேலை திரும்ப முதலிலிருந்து.

ஹோஸை மாட்டி, டேங்கை நிரப்பி, இன்னும் பதினைந்து இருபது முறை என்ஜின் இல்லாமலே திருப்புங்கள். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் திருப்புங்கள். கோடியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அங்கே ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் அதே இடத்தில் சுற்றிச் சூடேறும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி நுரைத்தால் ஆஃப் பண்ணிவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், நுரை தானாக அடங்கும்.

மூடி நட்டைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் போட்டால் புது கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பழைய ஆயில் சேகரிக்கும் ரோஸ் ஃபவுண்டேஷன் டிரம் வைத்திருக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

வெருலம் 504
ஒரு எச்சரிக்கை. சிட்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சு கார் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு டெக்ஸ்ரான் ஊற்றிவிடாதீர்கள். அதற்குப் பச்சை எல்.எச்.எம்., பழசுக்குச் சிவப்பு எல்.எச்.எஸ்., ரெண்டும் கலக்கவே ஆகாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஏ.டி.எஃப் இல்லை. பிரேக் ஆயிலை அவசரத்துக்கு ஸ்டீரிங்கில் ஊற்றுவது அதைவிடக் கொடுமை. அதில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் பட்டால் நைட்ரைல் ரப்பர் சீல் உப்பிக் குழைந்துவிடும். பம்ப், பாக்ஸ், ஹோஸ் எல்லாவற்றிலும் சீல் மாற்றணும். அலசினால் சரியாகாது.

லெனேசியா வி8
சாட்ஸ்வர்த், அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிட்மன் ஷாஃப்ட்டின் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து கீழே வரும் தண்டு) கீழ் சீல்தான். அதில் மாட்டியிருக்கும் பிட்மன் ஆர்மைப் பிடுங்க புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டினால் பாக்ஸ் உள்ளே அடிபடும். சீல் மாற்றும்போது ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் சீக்கிரமே கசியும். ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தால் பாக்ஸ் மேலே உள்ள ஸ்குருவைத் திருகாதீர்கள், முதலில் ஐட்லர் ஆர்ம் (ஸ்டீரிங் கம்பியை மறுபக்கத்தில் தாங்கும் கை) புஷ்ஷைப் பாருங்கள். இந்த மாடலில் அதுதான் முதலில் போகும்.

சாட்ஸ்வர்த்230
நன்றி அண்ணே. லெவலைச் சூட்டிலா, ஆறியபோதா பார்க்கணும்?

மெரிபேங்க் கியர்பாக்ஸ்
அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு கோட்டுக்குச் சமமாக. ஆறினால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அதைப் பார்த்து மேலே ஊற்றினால் அடுத்த முறை சூடானதும் மூடி வழியாக வழிந்து பெல்ட்டில் விழும்.