875 என்றால் 875-தானா? இருக்கை உயரத்தை மட்டும் பார்த்து அட்வென்சர் பைக் வாங்கச் சொல்பவர்களுக்கு

தூசிப்படலம்:

அட்வென்சர் பைக் (தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓட்டுகிற உயரமான வண்டி) வாங்குவது பற்றிக் கிளட்ச்கம்பி நேற்று இந்தக் கருத்துக்களத்தின் வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "நடுத்தர அட்வென்சர் பைக்குக்கு டெஸ்ட் ரைடு எல்லாம் வெட்டி வேலை. கம்பெனி தரும் தாளில் இருக்கை உயரத்தைப் பாருங்கள். 850-ஐத் தாண்டினால் அடுத்த வண்டிக்குப் போங்கள். யமஹா டெனெரே 700-க்கு 875 மிமீ. நம்மில் பலருக்கு அது ஏணி போட்டு ஏற வேண்டிய வண்டி."

இதற்கு இரண்டு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இதை நம்பி நல்ல வண்டியைத் தள்ளிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக அலைந்து நான்கு வண்டி ஓட்டிப் பார்த்தேன். யமஹா டெனெரே 700, ஏப்ரிலியா துவாரெக் 660, ஹோண்டா டிரான்சால்ப் 750, சுசூகி வி-ஸ்ட்ரோம் 800டிஈ. தாளில் முறையே 875, 860, 850, 855. கால் எட்டியது இந்த வரிசையில் இல்லை. டெனெரேயின் இருக்கை முன்னால் ஒடுங்கி இருப்பதால் தொடை நேராகக் கீழே இறங்குகிறது. வி-ஸ்ட்ரோமில் 20 மிமீ குறைவு, ஆனால் எனக்குத் தொடை அகன்று நின்றதில் அந்த 20 மிமீ அங்கேயே கரைந்துவிட்டது. மேலே 230 கிலோ வேறு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. முதலில் ஓட்டிய டெனெரேயில் எனக்கு இரண்டு பக்கமும் விரல் நுனிதான் பட்டது. மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் அதே மாடலில் ஏறினேன், முன்பாதம் முழுசாக ஊன்றியது. நடுவில் என் கால் வளரவில்லை. முதல் வண்டியில் பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை, யாரோ கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள், வண்டி அமுங்காமல் உயர்ந்து நின்றது. கையால் திருகும் குமிழ்தான், ஆனால் அதைத் திருகிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் இந்த இரண்டில் எது 875?

கிளட்ச்கம்பி:

இரண்டுமே 875. மில்லிமீட்டர் உங்களுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றால் நான் என்ன செய்ய முடியும்?

டெஸ்ட் ரைடு ஏன் வெட்டி வேலை என்று சொன்னேன் தெரியுமா? மூன்று வருடத்துக்கு முன் நானும் ஓட்டிப் பார்த்துத்தான் ஓர் உயரமான வண்டி வாங்கினேன். இருபது நிமிடம், வழவழப்பான தார் ரோடு, விற்பனைப் பையன் பின்னால் உட்கார்ந்து வந்தான். கால் நன்றாகவே எட்டியது. வாங்கி நான்காவது வாரம் சரளை மேட்டில் நிறுத்தினேன். இடது கால் வைத்த இடத்தில் சின்னப் பள்ளம், இரண்டு விரற்கடைதான் இருக்கும். பூட்ஸின் அடியில் கல் நழுவுவது தெரிந்தது, வண்டி சாய்வதும் தெரிந்தது, பிடிக்க முடியவில்லை. கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. தாளில் எழுதியிருந்த எண்ணை மதித்திருந்தால் அந்த வண்டியை வாங்கியே இருக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், 875 என்றால் 875.

தூசிப்படலம்:

பட்ட அடிக்கு வருத்தம்தான், தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்! அவர் 70 கிலோ என்று வைத்தாலும் பின் சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கியிருக்கும். கால் எட்டியது அதனால். வாங்கிய பிறகு தனியாக ஏறினீர்கள், வண்டி நிமிர்ந்து நின்றது. உங்கள் கணுக்காலை உடைத்தது எண்ணை மதிக்காதது இல்லை, டெஸ்ட் ரைடைத் தப்பாகச் செய்தது. இருக்கை உயரம் சுமைக்கு ஏற்ப மாறும் என்பதற்கு உங்கள் கதையே சாட்சி.

கிளட்ச்கம்பி:

தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது.

டெஸ்ட் ரைடு நம்மை ஏமாற்றும் என்பதற்கும் என் கதைதான் சாட்சி. அதைத்தானே நேற்றே எழுதினேன்?

ஞாயிறுசவாரி:

நன்றி சொன்ன இரண்டு பேரில் நானும் ஒருவன். ஒரு சின்னச் சந்தேகம். நடுத்தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 அதில் சேருமா? 825 மிமீ, 196 கிலோ. இந்தப் பக்கம் பார்த்தால் டுகாட்டி டெசர்ட்எக்ஸ் 937 சிசி, அதையும் இதே கூட்டத்தில் சேர்க்கிறார்கள். என் காலின் உள்ளளவு (கவட்டிலிருந்து குதிகால் வரை) 76 செ.மீ.

தூசிப்படலம்:

அதை அப்புறம் பேசலாம். முதலில் இந்த 875 விவகாரம் முடியட்டும்.

சஸ்பென்ஷன் சரியாக வைத்த வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்தால், மொத்தப் பயணத்தில் (சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரத்தில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்க வேண்டும். சாக் என்று சொல்வது இதைத்தான். டெனெரேக்குப் பின்னால் 200 மிமீ பயணம், மூன்றில் ஒன்று 65 மிமீ போல. 875-ல் 65-ஐக் கழியுங்கள், 810. ஏணி எதற்கு?

கிளட்ச்கம்பி:

கணக்கு சொல்ல வந்தால் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். அந்த 65-ல் வண்டி தன் சொந்த எடையிலேயே அமுங்குவதும் அடக்கம். சக்கரத்தின் மேல் நிற்கிற வண்டியை அளந்தால் அந்தப் பங்கு ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதை மறுபடியும் கழிக்கிறீர்கள். ஆள் ஏறுவதால் மட்டும் இறங்குவது 40, மிஞ்சினால் 45. 835 என்று வையுங்கள். எனக்கும் உள்ளளவு 76-தான். பூட்ஸ் அடி 3 செ.மீ. சேர்த்தால் 790. மீதி 45 மிமீ காற்றில். காற்றில் ஊன்ற எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடுங்கள்.

தூசிப்படலம்:

குதிகாலைத் தூக்கவே மாட்டீர்களா? முன்பாதம் ஊன்றினால் அந்த 45 மிமீ கணக்கிலேயே வராது. இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை ஊன்று, இன்னொரு கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இரட்டைச்சிலிண்டர்:

என்ன, பக்கம் பக்கமாகக் கால் நீளம்! இன்ஜினைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே. டெஸ்ட் ரைடு போவதே இன்ஜினுக்காகத்தான். மூன்றாவது கியரில் 40-க்கு இறங்கி, கிளட்ச் தொடாமல் மெதுவாகத் திருகிப் பாருங்கள். உதறாமல் இழுத்தால் அது வண்டி. இன்று இந்த வகையில் எல்லா இரட்டைச் சிலிண்டரும் 270 டிகிரி கிராங்க், இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காத அமைப்பு. அந்த அடி, அந்தச் சத்தம், மண்ணில் பின் டயருக்குக் கிடைக்கிற பிடி, இதெல்லாம் தாளில் வராது.

மூன்றாம்கியர்:

எல்லாமும் இல்லை. கேடிஎம் 890-க்கு 285 டிகிரி. டிரையம்ஃப் டைகர் 900-ல் மூன்று சிலிண்டர், அதையும் 2020-ல் சீரற்ற வெடிப்பு வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். போன வருடம் 21 அங்குல முன்சக்கரம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் "எல்லாம்" என்று ஆரம்பித்தீர்கள். அன்று நான் திருத்தியபோது இழையைவிட்டே காணாமல் போனீர்கள். மறக்கவில்லை.

இரட்டைச்சிலிண்டர்:

காணாமல் போகவில்லை, வேலை இருந்தது. அன்று நீங்கள் சொன்னதும் பாதிதான் சரி. 19 அங்குலத்தைவிட 21 மெதுவாகத் திரும்பும் என்பதை நான் மறுக்கவே இல்லை. கல்லிலும் பள்ளத்திலும் அது ஏறி உருண்டு போகும் என்றேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

மூன்றாம்கியர்:

மறுத்தீர்கள். போய்ப் படித்துப் பாருங்கள்.

இருக்கட்டும். கால் எட்டாதவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. பின்னால் லோவரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் தண்டுக்குப் பதிலாக மாட்டும் வேறு நீளத் தண்டு) போட்டால் 2, 3 செ.மீ. இறங்கிவிடும். இதற்கு இவ்வளவு சண்டை எதற்கு?

தூசிப்படலம்:

அதைப் போட்டு வண்டியைக் கெடுத்தவர்கள் கைக்குப் போன வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும். வண்டி வளைவுக்குள் விழ மறுக்கும், ஹேண்டில் சோம்பும். சரிசெய்ய ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் அதே அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். அப்புறம் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போகும், வண்டி நிமிர்ந்து நின்று காற்றுக்கே மறுபக்கம் விழும். அதையும் வெட்டிக் குறைக்க வேண்டும். தரையிடைவெளியும் போச்சு. லிங்க்கின் நெம்புகோல் விகிதம் மாறுவதால் ஸ்பிரிங்கும் மெத்தென்றாகும். இத்தனையும் எதற்கு? குமிழை இரண்டு சுற்றுத் திருகிப் பார்க்காமல் 875-ஐப் பார்த்துப் பயந்ததற்கு.

கிளட்ச்கம்பி:

பயம் என்று எழுதியதை எடுங்கள். ஆறு வாரம் கட்டோடு கிடந்தவன் நான், நீங்கள் இல்லை.

குமிழைத் தளர்த்தினால் பெட்டி மாட்டிப் பயணம் போகும்போது என்ன ஆகும்? மறுபடி இறுக்கத்தானே வேண்டும்? அப்போது எவ்வளவு? நான் சொல்லட்டுமா? 875.

தூசிப்படலம்:

பெட்டியின் எடைக்கும் சேர்த்துத்தானே இறுக்குகிறோம்! இறுக்கிய பிறகும் வண்டி அதே அளவில்தான் நிற்கும். பிரீலோட் இருப்பதே அதற்குத்தான்.

மூன்றாம்கியர்:

எண்ணை நம்பச் சொல்லும் கிளட்ச்கம்பிக்கு ஒரு கேள்வி. கேடிஎம் எடையைப் பெட்ரோல் இல்லாமல் போடுகிறது, ஹோண்டா நிரப்பிப் போடுகிறது. 20 லிட்டர் தொட்டி நிறைந்தால் 15 கிலோ ஏறும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எப்படி ஒப்பிடுவீர்கள்?

கிளட்ச்கம்பி:

15-ஐக் கூட்டிக்கொள்வேன். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. எடை வேறு, உயரம் வேறு. உயரத்துக்குப் பெட்ரோல் தேவையில்லை.

தூசிப்படலம்:

உயரத்திலும் அந்த வித்தியாசம் உண்டு! பிஎம்டபிள்யூ தாளில் "சுமையில்லா நிலையில்" என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். சில தாள்களில் எந்த நிலை என்றே இருக்காது. எந்த நிலையில் அளந்தது என்று தெரியாத எண்ணை வைத்து வண்டியைத் தள்ளுவது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பது என்றால் இருபது நிமிடம் சுற்றிவருவது இல்லை. சொந்த பூட்ஸ், சொந்த ஹெல்மெட் போட்டுப் போங்கள். பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். புறப்படும் முன் டயர் காற்றையும் பிரீலோடையும் கேளுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடியே காலால் தள்ளி வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், கால் எட்டுகிறதா என்பதற்கு அதுதான் பரீட்சை. கொஞ்சம் ஏற்றமான இடத்தில் செய்தால் இன்னும் நல்லது. ஹேண்டிலை முழுசாக ஒடித்து நடை வேகத்தில் வட்டமடியுங்கள். ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) நின்று ஓட்டிப் பாருங்கள், முதுகு வளையாமல் ஹேண்டில் கைக்கு வர வேண்டும், முழங்காலுக்கு நடுவில் தொட்டி அடங்க வேண்டும். டிரான்சால்பில் நின்றபோது ஹேண்டில் எனக்குத் தாழ்வாகப்பட்டது. துவாரெக் நிற்பதற்கென்றே செய்த வண்டி போல இருந்தது. இதை எந்தத் தாள் சொல்லும்?

இரட்டைச்சிலிண்டர்:

இன்ஜினை மறுபடி விட்டுவிட்டீர்கள். டியூபையும்தான். டெனெரேயும் வி-ஸ்ட்ரோம் 800டிஈயும் டியூப் டயர். காட்டுக்குள் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றி உட்கார வேண்டும்.

மூன்றாம்கியர்:

டியூப் இருந்தால் ரிம் கொஞ்சம் நெளிந்தாலும் ஓட்டி வந்துவிடலாம். இதையும் அன்றே சொன்னேன்.

ஞாயிறுசவாரி:

மன்னிக்கவும், மறுபடியும் நான்தான். நாளைக் காலை டெனெரே, மதியம் டிரான்சால்ப் ஓட்டிப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும்? நடுத்தரம் எது என்றும் யாரும் சொல்லவில்லை.

தூசிப்படலம்:

இடப்பக்கமாகத் திருகுங்கள், தளரும். அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு நண்பரையும் அளவு டேப்போடு கூட்டிப்போங்கள். நீங்கள் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்த பிறகு, தரையிலிருந்து இருக்கை விளிம்பு வரை அவர் அளக்கட்டும். வந்த எண்ணை இங்கே போடுங்கள். 875 வராது என்று நான் எழுதித் தருகிறேன்.

கிளட்ச்கம்பி:

ஏறுவதற்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள். காலைத் தூக்கிப் போடும்போது வண்டி உங்களுக்காக அமுங்கி நிற்காது. அப்போது அது 875.

தூசிப்படலம்:

ஏறுவதைப் பற்றி இப்போதுதான் பேசுகிறீர்கள். இதுவரை தரையில் கால் ஊன்றுவதைப் பற்றித்தானே பேசினீர்கள்?

கிளட்ச்கம்பி:

நேற்று எழுதியதை நீங்கள்தானே மேலே எடுத்துப் போட்டீர்கள்? "ஏறவேண்டிய வண்டி" என்றுதான் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.