பச்சைக்குழந்தைக்குத் துணி: பிறந்த அன்றிலிருந்தா, நாற்பது நாள் கழித்தா?

பாலக்கோடு_தக்காளி
ஞாயிறு, இரவு 8:50

வணக்கம். ஐப்பசி இரண்டாம் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் குழந்தை. வளைகாப்பு முடிந்து பாலக்கோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாதம் ஓசூருக்குத் திரும்பிவிடுவேன். அங்கே இரண்டாவது மாடியில் வாடகை வீடு, துணி காயப்போட பால்கனி மட்டும்தான்.

குழந்தைக்கு டயப்பர் வேண்டாம், துணியே கட்டலாம் என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். பாக்கெட் வைத்த துணி நாப்பி இருபது வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்று நானூறு ரூபாய் சொல்கிறார்கள். அம்மா, "உங்கப்பா வேட்டி இத்தனை கெடக்க, எட்டாயிரம் எதுக்குடி?" என்கிறார். நாத்தனாரோ, "ஆபரேஷன் ஆகிவிட்டால் துணியை நினைக்கவே நினைக்காதே, நாற்பது நாள் டயப்பர் போடு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? துணி கட்டி வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

தென்பெண்ணை_அம்மா (காவேரிப்பட்டணம்)
ஞாயிறு, இரவு 9:35

அம்மா சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பிறந்த அன்றிலிருந்தே வேட்டித் துணிதான்.

பாக்கெட் நாப்பியை இப்போது வாங்காதீர்கள். எல்லா வயதுக்கும் ஒரே அளவு என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் குழந்தை நான்கைந்து கிலோ ஆன பிறகுதான் தொடையில் கவ்வும். மூன்று கிலோ குழந்தைக்குத் தொடை ஓரம் இடைவெளி விழும், எல்லாம் அந்த வழியாகவே ஒழுகிவிடும்.

பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு வரும். ஆறு வேட்டிக்கு முப்பத்தாறு. பச்சைக்குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும், சில நாள் அதற்கும் மேலே. ஐப்பசி மழை வேறு. அவ்வளவு துணி இருந்தால்தான் ஒரு நாள் வெயில் வராவிட்டாலும் சமாளிக்க முடியும். புதுத் துணியைவிட வருஷக்கணக்காகத் துவைத்த வேட்டி மேல். புதுசில் கஞ்சி இருக்கும், ஐந்தாறு தடவை துவைத்த பிறகுதான் ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும்.

நான் துணி என்று அடித்துச் சொல்வது காசுக்காக இல்லை. குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்பது துணியில் தெரியும். பால் போதுகிறதா என்ற பயம் எல்லாத் தாய்க்கும் வரும். ஐந்தாறு நாள் ஆன பிறகு ஒரு பகல் ஒரு இரவுக்குள் குறைந்தது ஆறு தடவை நன்றாக நனைத்தால் பால் போகிறது என்று அர்த்தம். துணி என்றால் விரல் விட்டு எண்ணலாம். டயப்பரில் ஒரு தடவையா மூன்று தடவையா, யாருக்குத் தெரியும்?

நிறமும் அப்படித்தான். பிறந்த குழந்தையின் சிறுநீர் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை தொடர்ந்து விழுந்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். என் சின்னவளுக்கு மூன்றாம் நாள் துணியில் செங்கல் பொடி தூவின மாதிரி ஒரு கறை. ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன். நர்ஸ் வந்து துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பால் இன்னும் சரியா இறங்கல, அடிக்கடி மார்ல போடுங்க" என்றார். இரண்டு நாளில் கறை நின்றுவிட்டது. டயப்பர் போட்டிருந்தால் அதைக் கவனித்திருப்பேனா என்று தெரியவில்லை.

மருதாணி (தருமபுரி)
ஞாயிறு, இரவு 10:20

அக்கா சொல்லும் பால் கணக்கு சரி. ஆனால் பிறந்த அன்றிலிருந்தே துணி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஆபரேஷன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். புகுந்த வீட்டில், "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு டயப்பர் போட்ட வழக்கம் இல்லை" என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் துவைக்கவில்லை. இரண்டு மூன்று நாள் ஒரு அம்மா கூலிக்கு வந்தார், அப்புறம் அவரும் வரவில்லை. பதினோராம் நாள் பின்வாசல் துவைக்கிற கல்லுக்கு முன்னால் நான் குனிந்து நின்றேன். அன்னக்கூடையில் பதினெட்டுத் துணி. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கும்மினேன். நான்கு நாள் கழித்துத் தையல் ஓரத்தில் நீர் கசிய ஆரம்பித்தது, திரும்பவும் ஊசி, மருந்து, கட்டு. என் பெண்ணுக்கு இப்போது நான்கு வயது. இன்றைக்கும் ஈர வேட்டி வாசனை வந்தால் அந்தக் கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதனால் தோழி, துணி நல்லதா டயப்பர் நல்லதா என்பதை ஓரமாக வையுங்கள். துவைக்கப் போவது யார்? பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். சரியான ஆள் இல்லையென்றால் உங்கள் நாத்தனார் சொல்வதுதான் சரி.

டயப்பர் போட்டால் புண் வரும் என்பதும் பாதிதான் உண்மை. ஈரமும் மலமும் தோலில் நிற்பதால்தான் புண் வருகிறது. டயப்பருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நனைந்த துணி அப்படியே தோலில் ஒட்டிக் கிடக்கும். அரைத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் எது மோசம்?

தென்பெண்ணை_அம்மா
ஞாயிறு, இரவு 10:41

உங்களுக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது மருதாணி. பச்சை உடம்புக்காரி துணி துவைக்கவே கூடாது, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. எனக்கு என் அம்மாவும் சித்தியும் இருந்தார்கள். ஆனால் அது உங்கள் வீட்டாரின் குற்றம், துணியின் குற்றம் இல்லையே.

மருதாணி
ஞாயிறு, இரவு 10:48

குற்றம் யாருடையது என்றாலும் குனிந்தவள் நான்தான் அக்கா. உங்களுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். எல்லா வீட்டிலும் இரண்டு பேர் இருப்பதில்லை.

வறண்ட_கிணறு (அரூர்)
திங்கள், காலை 6:30

நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அது குடிக்கவும் சமைக்கவும். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர், அதுவும் கோடையில் இழுக்காது. துணி கட்டின காலத்தில் எங்களுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக ஐந்து வாளி போனது. சித்திரை மாதம் டிராக்டர் தண்ணீர் வாங்கித் துணி துவைத்தோம். இதில் என்ன சிக்கனம்?

சுற்றுச்சூழலுக்காகத் துணி என்பார்கள். இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், துணிக்கும் டயப்பருக்கும் கார்பன் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. அப்புறம் இங்கே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதில் துவைத்த துணியைப் பிறந்த குழந்தையின் தோலில் கட்டலாமா?

ஓசூர்_நைட்ஷிப்ட்
திங்கள், காலை 9:15

இரவு வேலை முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். நான் துவைத்தவன், அதனால் எழுதுகிறேன். பையனுக்குப் பதினான்கு மாதம். முதல் நாளிலிருந்து துணி, துவைத்தது நான்.

வறண்ட கிணறு சார், ஃப்ளோரைடு குடிக்கிற தண்ணீரில்தான் பிரச்சினை. பல்லும் எலும்பும் கெடுவது அதைக் குடிப்பதால்தான். 2013-ல் ஒகேனக்கல் திட்டம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்ததே அதற்காகத்தான். துணிக்கு எதிரி தண்ணீரின் கடினத்தன்மை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் போடுவோம். அந்தச் சோப்பு தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகத் துணி நூலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் அப்பளம் மாதிரி மொடமொடவென்று நிற்கும், ஈரத்தையும் உறிஞ்சாது. குழந்தைத் தோலை அதுதான் அறுக்கிறது.

நான் செய்தது இதுதான். சிறுநீர்த் துணிக்கு ஒரு வாளி, மலத் துணிக்கு ஒரு வாளி. மலத் துணியை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுவேன், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பால் மட்டும் குடிக்கிற வரைக்கும் மலம் தண்ணீரில் தானாகக் கரைந்துவிடும், தேய்க்கவே வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் வருகிற கருப்பு மலம்தான் தார் மாதிரி. குளிப்பாட்டித் துடைத்ததும் புட்டத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் தோலிலிருந்து சுலபமாக வழிந்துவிடும். போர் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். அப்புறம் பாதி அளவு சோப்புத் தூள் போதும். கடைசி அலசல் மட்டும் ஒரு வாளி காவேரித் தண்ணீரில். மென்மைக்கு என்று விற்கிற வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள், அது துணியில் மெழுகு மாதிரி படிந்து உறிஞ்சவிடாது. டெட்டாலும் தேவையில்லை, வெயில் போதும்.

அந்த 2008 அறிக்கையை நானும் பார்த்திருக்கிறேன். மின்சார உலர்த்தியில் காயப்போடுகிறவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. கொடியில் காயப்போட்டு, நிறைய துணியாகச் சேர்த்துத் துவைத்து, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் துணிக்குத்தான் பெரிய ஆதாயம் என்று அதே அறிக்கை சொல்கிறது. நம் ஊரில் எல்லோரும் கொடியில்தானே காயப்போடுகிறோம். டயப்பர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் தெருமுனைக் காலி மனையில் நாய் இழுத்துப் போட்டுக் கிடக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை யாரோ கொளுத்துகிறார்கள். அந்தப் புகை நேராக எங்கள் பால்கனிக்குத்தான் வரும்.

தண்ணீர் செலவு உண்மை. அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

மருதாணி அக்கா சொன்னதுதான் இங்கே முக்கியம். எங்கள் வீட்டில் பிரசவத்துக்கு முன்னாலேயே பேசினோம், துவைப்பது நான் என்று. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, நான் வேலைக்குப் போகிற வாரங்களில் மட்டும், டயப்பர். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

தென்பெண்ணை_அம்மா
திங்கள், மதியம் 1:05

தம்பி துவைத்ததைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. இரவு டயப்பர் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முதல் மாதம் எப்படியும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க எழுந்தே ஆக வேண்டும். எழுந்த கையோடு துணியை மாற்ற அரை நிமிஷம் ஆகாது.

மருதாணி
திங்கள், மதியம் 1:30

அந்த அரை நிமிஷம் இரவுக்கு ஆறு தடவை வரும் அக்கா. துணி நனைந்தால் கீழே விரித்ததும் நனையும், சட்டையும் நனையும். மாற்றுவது துணி மட்டும் இல்லை.

பாலக்கோடு_தக்காளி
திங்கள், மாலை 5:40

எல்லோருக்கும் நன்றி. அவர் இதை முழுவதும் படித்தார். லீவு இரண்டு வாரம்தான் கிடைக்கும், அதுவரை துவைப்பது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு யார் என்று இன்னும் முடிவாகவில்லை. பாக்கெட் நாப்பி வாங்கப் போவதில்லை. வேட்டியை எப்படி மடிப்பது? தொப்புளில் படாமல் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

தென்பெண்ணை_அம்மா
திங்கள், இரவு 8:15

வெறும் முக்கோணமாக மடித்தால் நடுவில் கனம் போதாது. இப்படிச் செய்யுங்கள். சதுரத் துண்டை இரண்டாக மடித்து, திரும்ப இரண்டாக மடித்துச் சின்னச் சதுரமாக்குங்கள். விரிகிற மூலை ஒன்றில் மேலே இருக்கும் ஒரு மடிப்பை மட்டும் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தால் முக்கோணம் விரியும். அப்படியே பத்திரமாகக் குப்புறத் திருப்புங்கள். ஒரு பக்கம் சதுரமாகத் தொங்கும் மடிப்புகளை மட்டும் நடு வரைக்கும் இரண்டு மூன்று சுற்று மடித்து வாருங்கள். இப்போது நடுவில் தடித்த பட்டை, இரண்டு பக்கமும் கட்டுவதற்கு மெல்லிய காது. அகலமான ஓரம் இடுப்புக்குக் கீழே வர வேண்டும். கூர்முனையைக் கால் நடுவே மேலே கொண்டுவந்து தொப்புளுக்குக் கீழே மடித்து நிறுத்தி, இரண்டு காதையும் அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். ஊக்கு வேண்டாம். தொப்புள் கொடி ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், அதுவரை காற்றுப் பட்டுக் காயட்டும்.

கால் இரண்டும் தவளை மாதிரி மடங்கி விரியும்படி தளர்வாக இருக்கட்டும். சில பெரியவர்கள் காலை நீட்டி இறுக்கிக் கட்டுவார்கள், அது இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

மருதாணி
திங்கள், இரவு 8:32

இதில் அக்காவோடு சேர்ந்துகொள்கிறேன். கூடவே ஒன்று: துணிக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போடாதீர்கள், உள்ளே வெந்துவிடும். கீழே ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய சேலை மடிப்பு, போதும். பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும்.

பாலக்கோடு_தக்காளி
இருபத்து நான்கு நாள் கழித்து, வியாழன், மாலை 4:10

பெண் குழந்தை. 2 கிலோ 900. ஆபரேஷன்தான். மருத்துவமனையில் இருந்த நாட்களில் டயப்பர் போட்டோம், அங்கே கொடி கட்ட இடமில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து பகலில் வேட்டி, இரவில் டயப்பர். இரவு விஷயத்தில் தென்பெண்ணை அக்கா என்னைக் கோபிக்கக் கூடாது.

நடுவில் மூன்று நாள் மழை விடவே இல்லை. முப்பத்தாறு துணியும் சமையலறை, கூடம், மாடிப்படி என்று எல்லா இடத்திலும் தொங்கியும் காயவில்லை. ஈர வாடை அடித்த துணியைக் கட்ட மனம் வரவில்லை, இரண்டு நாள் முழுக்க டயப்பர்தான் போட்டோம்.

அவர் போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. "என் வேட்டிதானேம்மா" என்றார். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஒரு வாளி என்று நான் எழுதி ஒட்டியதைப் பார்த்து அப்படியே செய்கிறார்.

மருதாணி
வியாழன், மாலை 4:25

படித்துக் கண் கலங்கிவிட்டது. தையல் காய்ந்துவிட்டதா? குனியாதீர்கள்.

பாலக்கோடு_தக்காளி
வியாழன், மாலை 4:31

காய்ந்துவிட்டது அக்கா. குனியவில்லை. நாளைக்கு அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊத்தங்கரை போகிறார், இரண்டு நாள். இப்போது திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு நாளைக்கும் ஆகும் துணியை எண்ணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.