மோட் பக்கத்தில் குறை சொன்னால் நீக்கலாமா? புது விதி பற்றி விவாதம்

கரும்பலகை:
ஸ்கைரிம் கேமுக்கு ரசிகர்கள் செய்யும் மாற்றக் கோப்புகளான மோட்களின் பிரிவுக்கு நான் முன்வைக்கும் விதி இது. கேம் பதிப்பு எண், லோட் ஆர்டர் (மோட்கள் ஏறும் வரிசை), கிராஷ் லாக் (கேம் விழுந்தபோது பதிவான குறிப்பு) மூன்றும் இல்லாத புகாரை மாடரேட்டர் நீக்கலாம். மோடர், அதாவது மோடைச் செய்தவர், கேட்காத அபிப்பிராயங்களை மோடரே நீக்கிக்கொள்ளலாம்.

காரணம் எளிது. 'கிராஷ் ஆகுது, சரி பண்ணுங்க' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரி செய்ய முடியாது. 2021 நவம்பரில் 1.6 அப்டேட் வந்தபோது என்ன நடந்தது? எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் நீட்டிப்புக் கருவி வழியாக ஓடும் டிஎல்எல் மோட்கள் கேம் பதிப்போடு கட்டுண்டவை. 1.5.97க்குச் செய்தது 1.6.317ல் ஓடாது. பதிப்பு எண்ணைச் சொல்லாத புகார் அங்கே வெறும் வசவுதான்.

தேன்கூடு:
பதிப்பு எண் கேட்கிறது சரி. கிராஷ் லாக் கட்டாயம்னா ஒத்துக்கவே முடியாது. மோசமான கோளாறு எதுவும் கிராஷ் ஆகுறதே இல்லையே!

ஒரு உதாரணம். ஏற்கெனவே வெளியான மோடை லைட் பிளகினா (லோட் ஆர்டர்ல தனி இடம் பிடிக்காத மோட் கோப்பு) மாத்தணும்னு மோடர் ஃபார்ம் ஐடிகளை (கேம்ல ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் இருக்கிற அடையாள எண்) சுருக்கி அப்டேட் விடுறார்னு வைங்க. கேம் கிராஷ் ஆகாது. ஆனா பழைய சேவ்ல, அதாவது சேமிச்சு வச்ச ஆட்டத்துல, அந்த மோட் தந்த பொருளெல்லாம் காணாமப் போயிடும், ஏன்னா சேவ் தேடுறது பழைய ஐடியை. முகக் கோப்புகளோட பேர்லயும் ஐடி இருக்கு. அதை மாத்தாம விட்டா கதாபாத்திரங்களுக்கு முகம் கறுத்துடும். உங்க விதிப்படி இந்தப் புகாரை முதல் ஆளா நீக்கணும்.

ஐடிஎம்மும் அப்படித்தான். மூல கேம்ல இருக்கிறதை மாத்தாம அப்படியே நகலெடுத்து வச்ச பதிவு அது. லோட் ஆர்டர்ல பின்னாடி வந்தா, முன்னாடி வேற மோட் செஞ்ச மாற்றத்தைச் சத்தமில்லாம அழிச்சுடும். மோட் கோப்பைத் திறந்து திருத்துற எக்ஸ்எடிட் கருவில ஆட்டோ கிளீன் ஓட்டினா போயிடும். ஆனா யாராவது சொன்னாத்தானே மோடர் ஓட்டுவார்?

இரவல்வாள்:
இலவசமாகக் கொடுக்கிறோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது இது. பிடிக்காவிட்டால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

தேன்கூடு:
பல்லை யாரும் பார்க்கல, முட்டுமான்னுதான் பார்க்கிறோம். தொழுவத்துல ஏற்கெனவே 200 மாடு கட்டியிருக்கு. அதோட, பாதி ஆட்டத்துல அன்இன்ஸ்டால் பண்ணச் சொல்றது தப்பான யோசனை. மோடோட ஸ்கிரிப்ட் சேவ் கோப்புக்குள்ளயே தங்கிடும். சேவ் கோப்பைப் பிரிச்சுக் காட்டுற ரீசேவர்ல திறந்து பாருங்க, உரிமையாளர் இல்லாத ஸ்கிரிப்ட் வரிசையா நிக்கும்.

பாதிராத்திரி பேட்ச்:
மாடரேட்டர் வேலையைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வருகிற புகார்களில் தொந்தரவு தருவது வசவு அல்ல. அதை நீக்க அரை நிமிடம் போதும். மரியாதையாக, விவரமாக எழுதப்பட்டு, தவறான மோடைக் குற்றம் சொல்லும் புகார்தான் நேரத்தைத் தின்கிறது. இரண்டு மோட் ஒரே பதிவைத் தொட்டால் பின்னால் லோட் ஆவதுதான் ஜெயிக்கும். ஆட்களோ கடைசியாக எதை இன்ஸ்டால் செய்தார்களோ அதன்மேல் பழியைப் போடுகிறார்கள்.

புகாருக்கு முன் செய்ய வேண்டியது: புது கேம் தொடங்குங்கள், பழைய சேவில் சோதிக்காதீர்கள். அந்த மோடும் அதன் மாஸ்டர் கோப்புகளும் (அது சார்ந்திருக்கும் கோப்புகள்) மட்டும் இருக்கட்டும். கோளாறு வந்தால் மோடின் தவறு. வராவிட்டால் மோதல். மற்றவற்றில் பாதியை அணைத்துப் பாருங்கள், பிறகு மிஞ்சியதில் பாதி. 200 மோட் என்றாலும் 8 சுற்றுக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். மாஸ்டரை அணைத்துவிட்டு அதைச் சார்ந்த பிளகினை மட்டும் விட்டுவைக்காதீர்கள். மெனு வருவதற்குள் கேம் விழுந்துவிடும், நீங்கள் தேடிய கோளாறு அது அல்ல.

இரவல்வாள்:
பக் புகார் சரி. 'உன் வாள் ரொம்ப ஓவர்' என்று எழுதுபவர்களை என்ன செய்வது? அதற்கும் ஆதாரம் கேட்பீர்களா?

பாதிராத்திரி பேட்ச்:
கேட்கலாமே. மூல கேமின் வலிமையான வாள்களில் ஒன்றான டேட்ரிக் வாளின் அடிப்படைச் சேதம் 14. 'உங்கள் வாள் 60, முதல் நகரத்துக் கடையிலேயே கிடைக்கிறது, 25க்குக் குறைத்தால் அல்லது பிந்தைய நிலைக்குத் தள்ளினால் சமநிலை வரும்' என்பது விமர்சனம். 'ஓவர்' என்பது கொட்டாவி.

கரும்பலகை:
மோடருக்கு வேறு பாதுகாப்பு இல்லை என்பதையும் பாருங்கள். முன்பு வெறுத்துப்போனால் கோப்பை அழித்துவிட்டுப் போகலாம். 2021ல் மோட்களைப் பகிரும் நெக்சஸ் மோட்ஸ் தளம் அந்த வழியை மூடி, காப்பகத்தில் வைக்கும் முறைக்கு மாறியது. கோப்பு எப்படியும் தளத்தில் நிலைத்திருக்கும். வசவை நீக்கும் உரிமையாவது மிஞ்ச வேண்டாமா?

தேன்கூடு:
வசவை நீக்கட்டும், நாளைக்கே நீக்கட்டும். ஆனா கறுத்த முகத்தைப் பத்திச் சொன்னவரோட புகாரையும் அதே பொத்தான்தானே அழிக்குது? அடுத்து டவுன்லோட் பண்றவர் அதைப் பார்க்காம தன் சேவைக் கெடுத்துக்குவார். ஃபார்ம் ஐடியோ எக்ஸ்எடிட் படமோ இருக்கிற புகாரை மோடர் நீக்க முடியாது, பக் பட்டியலுக்கு மட்டும் நகர்த்தலாம்னு எழுதுங்க. நான் கை தூக்குறேன்.

கரும்பலகை:
கிராஷ் லாக்கை எடுத்துவிட்டு 'கோளாறின் வகைக்கு ஏற்ற ஆதாரம்' என்று மாற்றுகிறேன். நகர்த்துவதையும் சேர்க்கிறேன். வாள் விஷயத்தில் என் நிலை மாறவில்லை. எண்ணோடு வந்தாலும் மோடர் நீக்கலாம்.

இரவல்வாள்:
எக்ஸ்எடிட் திறக்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

பாதிராத்திரி பேட்ச்:
பதிப்பு எண்ணும் செய்த படிகளும் போதும். ஐடி வேண்டுமானால் கேமுக்குள் இருக்கும் கட்டளைப் பெட்டியான கன்சோலைத் திறந்து அந்தக் கதாபாத்திரத்தைக் கிளிக் செய்யச் சொல்லுங்கள், அதன் ரெஃபரன்ஸ் ஐடி திரையிலேயே தெரியும்.